ஸ்டாப் கேபிள்ல புகை: மாமாவோட ஜீப்புக்கு மறுபடியும் ஒயரிங்

போன நவம்பர். ஸ்டடி ஹாலிடேஸ்ல படிக்கிறதைத் தவிர மத்த எல்லாம் செய்வோமே, அந்த நாட்கள். திருத்தங்கல்ல மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில மாமா ஜீப்ல ஏறி செல்ஃப் அடிக்கிறார். இன்ஜின் "ர்ர்... ர்ர்..."னு சோம்பலா இழுக்குது. பக்கத்து சீட்ல நான். டாஷ்போர்டுக்குக் கீழ இருந்து ரப்பர் கருகுற நாத்தம். குனிஞ்சு பார்த்தா, இன்ஜினை நிறுத்த இழுக்கிற ஸ்டாப் கேபிள், அதோட உறையில இருந்து மெல்லிசா புகை.

"மாமா, கேபிள் புகையுது!"

"அது கொஞ்ச நாளா அப்படித்தான் மாப்ள. கை வச்சா சுடும். துணி வச்சு இழுத்துக்குவேன்."

ஒரு கேபிள், வெறும் இரும்புக் கம்பி. அதுக்கும் கரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. அது ஏன் சுடணும்? இந்த ஒரு கேள்வியில தொடங்கி, ஒரு ஜீப்பை முழுசா ஒயரிங் மாத்தின கதைதான் இது. சர்க்யூட் தியரி பேப்பர்ல அரியர் வச்சவங்களும் தைரியமா படிக்கலாம். ஓம் விதியைத் தாண்டி இதுல எதுவும் இல்ல.

வண்டியைப் பத்தி முதல்ல. மஹிந்திரா எம்எம் 540. இந்த ஜீப்போட வம்சம் ரெண்டாம் உலகப் போர்ல ஓடின வில்லிஸ் ஜீப்ல ஆரம்பிக்குது. 1945-ல் மஹிந்திரா அண்ட் முகமதுன்னு தொடங்கி 1948-ல் பெயர் மாறின கம்பெனி, நாற்பதுகளின் கடைசியில வில்லிஸ் ஜீப்பை பம்பாயில பூட்ட ஆரம்பிச்சது. எண்பதுகள்ல வந்த 540-ல உட்கார்ந்திருக்கிறது பெஜோ கம்பெனியோட எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின். பெயர்லயே விவரம் இருக்கு: 4 சிலிண்டர், 90 மி.மீ. போர். ஸ்ட்ரோக் 83 மி.மீ. பெருக்கிப் பாருங்க, 2112 சிசி வரும். நாலு கியர், அதுக்குப் பின்னால ஹை, லோ ரெண்டு வேகம் வச்ச டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்னாலயும் பின்னாலயும் ஆக்ஸில்.

மாமாவுக்கு ரெண்டு வேலைக்கு இந்த வண்டி வேணும். சாத்தூர் பக்கம் கரிசல் காடு கொஞ்சம் இருக்கு. மழை பேஞ்சா அங்க டிராக்டரும் இதுவும்தான் போகும். இன்னொண்ணு, பட்டாசுக்குப் பேப்பர் குழாய் சுத்துற தொழில். வீடு வீடா பேப்பர் கொடுத்து, சுத்தின குழாயை வாங்கி, ஆலையில கொண்டு போய் இறக்கணும். வண்டியில மருந்து எதுவும் ஏத்துறது இல்ல, வெறும் காகிதம்தான். ஆனா இறக்குற இடம் எதுன்னு யோசிங்க.

செப்டம்பர்ல, தீபாவளி சீசன் உச்சத்துல, ஒரு ஆலையோட கேட்ல வாட்ச்மேன் இந்த நாத்தத்தை மோந்துட்டு, "இந்த வண்டி உள்ள வரக்கூடாது அண்ணாச்சி"னு திருப்பி அனுப்பிட்டார். அவர் மேல தப்பே இல்ல. ஆலைக்குள்ள போற தொழிலாளி கூட உடம்புல இருக்கிற நிலைமின்சாரம் இறங்குறதுக்குச் செம்புத் தகட்டைத் தொட்டுட்டுத்தான் அறைக்குள்ள போகணும். 2016 அக்டோபர் 20 சிவகாசியில என்ன நடந்ததுன்னு எங்க ஊர்ல எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. பட்டாசுப் பெட்டிகளை வண்டியில ஏத்தும்போது பிடிச்ச தீ. பக்கத்துல ஸ்கேன் சென்டர்ல இருந்தவங்க புகையில மூச்சுத் திணறி இறந்து போனாங்க.

அன்னையில இருந்து மாமா குட்டி யானை வாடகைக்குப் பிடிச்சார். லாபம் முழுக்க வாடகைக்கே போச்சு. ஒரு ஒர்க்ஷாப்ல காட்டியிருக்கார். "செல்ஃப் மோட்டார் போச்சு"னு புதுசு மாத்தி பில்லும் போட்டுட்டாங்க. இழுவை அப்படியே இருந்தது. பேட்டரி மாத்தினார். அப்பவும் அப்படியேதான்.

தீபாவளி முடிஞ்சு சில வாரம் ஆலைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். வண்டியைப் பிரிச்சுப் போட அதுதான் நேரம். தெரு முனையில ஆட்டோ எலக்ட்ரிக் கடை வச்சிருக்கிற அண்ணாச்சி ஒருத்தர், "நீ வேலையைப் பாரு தம்பி, சந்தேகம்னா என்னைக் கூப்பிடு"ன்னார். அவர் இல்லாம இந்தக் கட்டுரை இல்ல.

மூணு வோல்ட் எங்க போச்சு?

காலேஜ் லேப்ல இருந்து டிசி அளக்கிற கிளாம்ப் மீட்டர் ஒண்ணை சார்கிட்ட கெஞ்சி வாங்கிட்டு வந்திருந்தேன். ஏசி மட்டும் அளக்கிறது இதுக்கு உதவாது. கூட ஒரு சாதாரண மல்டிமீட்டர்.

அண்ணாச்சி சொன்ன முதல் பாடம்: எர்த்தை ஓம்ஸ்ல வச்சுப் பார்க்காதே. நான் அதைத்தான் முதல்ல செஞ்சிருந்தேன். ஒரு முனையை இன்ஜின்லயும் இன்னொரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் வச்சேன். மீட்டர் 'பீப்'னு கத்துச்சு. எர்த் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிட்டேன். தப்பு. ஏன் தப்புன்னு கொஞ்ச நேரத்துல கணக்கே சொல்லும்.

சரியான முறை, கரண்ட் ஓடும்போது வோல்டேஜ் எங்க இறங்குதுன்னு பார்க்கிறது. மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி-யில வச்சு, சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்ல பெயின்ட் இல்லாத இடத்துல, கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்ல. கிளாம்ப்ல இல்ல, ஈயப் போஸ்ட் மேலயே. அப்புறம் ஒருத்தர் செல்ஃப் அடிக்கணும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகிடக் கூடாது. அதனால பம்ப்ல இருக்கிற ஸ்டாப் லீவரை நான் ஒரு மரக்கட்டையால தள்ளிப் பிடிச்சுக்கிட்டேன். வண்டி நியூட்ரல்ல, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல்லு வச்சு. மூணு விநாடிக்கு மேல அடிக்க வேணாம்.

மீட்டர் காட்டினது 3.1 வோல்ட். அரை வோல்ட்டுக்குக் கீழ இருக்கணும். கிளாம்ப் மீட்டர்ல 150 ஆம்பியர்.

அந்த 3.1 எங்க இருக்குன்னு துண்டு துண்டாத் தேடினோம். சேஸ்ல இருந்து பேட்டரி நெகட்டிவ் வரைக்கும் 0.2. இன்ஜின்ல இருந்து சேஸ் வரைக்கும் 2.9. ஆக, வில்லன் இன்ஜினுக்கும் சேஸுக்கும் நடுவுல. வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்தா, அந்த ரெண்டையும் இணைக்கிற செம்புப் பின்னல் பச்சை பூத்து அறுந்து, நாலஞ்சு இழைதான் மிச்சம்.

இப்ப யோசிங்க. இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்ட் மேல உட்கார்ந்திருக்கு. ரப்பர்ல கரண்ட் போகாது. பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து செல்ஃப் மோட்டாருக்கு வந்த 150 ஆம்பியர் வீட்டுக்குத் திரும்பிப் போக ஒரு பாதை வேணும். போட்டு வச்ச பாதை அறுந்து போச்சுன்னா அது கிடைச்ச பாதையில போகும். ஸ்டாப் கேபிள் இரும்பு, ஒரு முனை பம்ப்ல, இன்னொரு முனை பாடியில. ஆக்ஸிலரேட்டர் கம்பி அப்படித்தான். ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸ்ல இருந்து டாஷ்போர்டுக்கு. ஃபோர் வீல் டிரைவ் வண்டியில இன்னும் ரெண்டு பாதை உண்டு: டிரான்ஸ்ஃபர் கேஸ்ல இருந்து முன்னாலயும் பின்னாலயும் போற புரொப்பல்லர் ஷாஃப்ட். யுனிவர்சல் ஜாயின்ட்டோட ஊசி பேரிங் வழியா, ஆக்ஸில், பட்டா ஸ்பிரிங், சேஸ்னு போய்ச் சேரும். கிரீஸ் அடிச்சும் ஜாயின்ட் சத்தம் போகலைன்னு மாமா சொல்லிட்டு இருந்தார். அந்த பேரிங் எத்தனை மாசம் வெல்டிங் வேலை பார்த்ததோ.

3 வோல்ட், 150 ஆம்பியர். பெருக்கினா 450 வாட். லேப்ல இருக்கிற 25 வாட் சால்டரிங் அயர்ன் பதினெட்டு. அத்தனையும் சேர்ந்து அந்தப் பாதைகளைச் சுட வைக்குது. செல்ஃப் மோட்டார் என்ன பாவம் பண்ணுச்சு? அடிக்கும்போது பேட்டரி போஸ்ட்ல 10.6 வோல்ட் இருந்தும், இந்த 3.1 போக அதுக்குக் கிடைச்சது 7.5-தான்.

மீட்டர் ஏன் 'பீப்'னு பொய் சொன்னது? 2.9-ஐ 150-ஆல வகுத்தா 0.019 ஓம். நம்ம மல்டிமீட்டரோட கடைசி இலக்கமே 0.1 ஓம். அவ்வளவு சின்ன எதிர்ப்பு அதோட கண்ணுக்கே தெரியாது. ஆனா 150 ஆம்பியருக்கு அது மலை. வைவாவில யாராவது இதைக் கேட்டா என் பேரைச் சொல்லாம பதில் சொல்லிக்கோங்க.

35 சதுர மி.மீ. கேபிள் அரை மீட்டர், ரெண்டு முனையிலயும் லக், பெல் ஹவுசிங்லயும் சேஸ்லயும் எமரி போட்டு வெள்ளை இரும்பு தெரியுற வரைக்கும் தேய்ச்சு, போல்ட் முறுக்கி, மேல வாசலின். மறுபடி செல்ஃப். மொத்த இறக்கம் அரை வோல்ட்டுக்குக் கீழ. கரண்ட் 190 ஆம்பியருக்கு ஏறிடுச்சு, இன்ஜின் சுத்துற வேகம் கண்ணுக்கே தெரிஞ்சது. கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லுன்னு இருந்தது. மாமா ஒண்ணும் பேசல. உள்ள போய், செல்ஃப் மோட்டார் மாத்தின பில்லை எடுத்து ஒரு தடவை பார்த்துட்டு வந்தார்.

டியூனிங், சுருக்கமா

வேகமா சுத்தினாலும் காலையில ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்தது. வெள்ளைப் புகை. டீசல்ல புகையோட நிறமே பாதி நோயைச் சொல்லிடும். கருப்புன்னா காத்து பத்தல, இல்ல டீசல் அதிகம். நீலம்னா இன்ஜின் ஆயில் எரியுது. குளிர்ந்த இன்ஜின்ல வெள்ளைன்னா டீசல் எரியாமலே வெளிய வருது.

எங்க வண்டியில இருக்கிறது எண்ணெய் ஊத்துற ஏர் கிளீனர். திறந்தா உள்ள எண்ணெய் இல்ல, கரிசல் களிம்பு. கழுவிப் புது ஆயில் ஊத்தினோம். டீசல் ஃபில்டர் மாத்தி, தண்ணியை வடிச்சோம். ஃபில்டர் மாத்தினா லைன்ல காத்து புகுந்திருக்கும். ஃபில்டர் தலையில இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்ப்பை அமுக்கி, குமிழி இல்லாம டீசல் வர்ற வரைக்கும் எடுக்கணும். இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்தும்போது முகத்தையும் கையையும் கிட்ட கொண்டு போகாதீங்க. அங்க 100 பாருக்கு மேல அழுத்தம். டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிடும்.

ஹீட்டர் பிளக் நாலு. மேல இருக்கிற இணைப்புப் பட்டையைக் கழட்டிட்டு, பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து டெஸ்ட் லேம்ப் வழியா ஒவ்வொரு பிளக்கோட நுனியையும் தொட்டோம். ரெண்டுல லேம்ப் எரியல. அந்த ரெண்டும் செத்துப் போச்சு. இந்த இன்ஜின்ல டீசல் நேரா சிலிண்டருக்குள்ள போகாம, தலையில இருக்கிற சின்ன அறைக்குள்ள தெளிக்கப்படுது. அந்த அறையைச் சூடாக்கத்தான் ஹீட்டர். எங்க ஊர் மே மாசத்துல அது இல்லாமலே ஓடும். மார்கழிக் காலையில ஓடாது.

டேப்பெட் இடைவெளியை மேனுவல்ல பார்த்து வைங்க. ஃபயரிங் வரிசை 1-3-4-2. நாலாவது சிலிண்டரோட ரெண்டு வால்வும் ஒண்ணு மூடி ஒண்ணு திறக்கிற நேரம், ஒண்ணாவது சிலிண்டரைச் சரி பண்ணலாம். ரெண்டுக்கும் மூணுக்கும் அதே ஜோடிக் கணக்கு. இன்ஜெக்டரை பம்ப் கடையில கொடுத்து நாசில் பார்க்கச் சொன்னோம். பம்ப்போட டைமிங்கை நாங்க தொடல. வீட்டு வாசல்ல வச்சுப் பண்ற வேலை இல்ல அது.

ஓடுற இன்ஜின் சொல்ற பொய்

இப்ப வண்டி பாதித் திருப்புல பிடிக்குது. மாமாவுக்கு அதோட போதும். "ஓடுதுல்ல மாப்ள, விடு."

இங்கதான் நான் பிடிவாதம் பிடிச்சேன். பழைய டீசல் ஜீப்ல இருக்கிற ஆபத்தே, அது ஓட கரண்டே வேணாங்கிறதுதான். பெட்ரோல் வண்டியில ஒயரிங் கெட்டா பிளக்குக்குப் பொறி போகாது, வண்டி நின்னுடும், வேற வழியில்லாம சரி பண்ணுவோம். இதுல பம்ப் முழுக்க மெக்கானிக்கல். ஸ்டார்ட் ஆன பிறகு பேட்டரியைக் கழட்டிட்டாக் கூட இன்ஜின் ஓடிட்டே இருக்கும். (கழட்டிப் பார்க்காதீங்க, ஆல்டர்னேட்டர் டயோடு போயிடும்.) அதனால முப்பது வருஷமா யாரும் ஒயரைத் திரும்பிப் பார்க்கிறதே இல்ல. ஒயர் எரிஞ்சாலும் சாவியைத் திருப்பினா இன்ஜின் நிக்காது. ஸ்டாப் கேபிளைத்தான் இழுக்கணும். எங்க வண்டியில அந்தக் கேபிளே புகைஞ்சுது.

மாமாவைச் சம்மதிக்க வச்சது என் பேச்சு இல்ல. பின்னாடி ஃப்ளோர் தகட்டைத் தூக்கினோம். டெயில் லேம்ப்புக்குப் போற ஒயர், தகட்டோட விளிம்புல உரசி உரசி, ஒரு விரல் நீளத்துக்கு செம்பு வெளிய தெரிஞ்சது. அதுக்கு நேர் மேலதான் பேப்பர் குழாய்க் கட்டு அடுக்குவாங்க. முன்னாடி பியூஸ் பாக்ஸைத் திறந்தா, பியூஸ் இருக்க வேண்டிய இடத்துல செம்பு இழையை முறுக்கிச் சுத்தி வச்சிருக்கு.

"இதை யார் வச்சது?"

மாமா கொஞ்ச நேரம் கழிச்சு, "அடிக்கடி பியூஸ் போச்சு மாப்ள"ன்னார்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டினேன். நீங்களும் போட்டுப் பாருங்க. 1 சதுர மி.மீ. செம்பு ஒயர், மீட்டருக்கு சுமார் 0.017 ஓம். பேட்டரியில இருந்து 2 மீட்டர் தள்ளி அது பாடியைத் தொட்டுச்சுன்னா, ஒயரோட எதிர்ப்பு 0.034. பேட்டரிக்குள்ள ஒரு 0.01 வச்சுக்குவோம். 12-ஐ 0.044-ஆல வகுத்தா 270 ஆம்பியருக்கு மேல. ஒயருக்குள்ள மட்டும் சுமார் 2500 வாட். ஒரு இண்டக்‌ஷன் அடுப்போட முழுச் சூட்டையும் மிஞ்சின சூடு, ரெண்டு மீட்டர் ஒயர்ல. அந்த ரெண்டு மீட்டர் செம்போட எடை வெறும் 18 கிராம். ஒரு விநாடியில அதோட வெப்பநிலை 300 டிகிரிக்கு மேல ஏறும். பிவிசி உறை அதுக்கு முன்னாடியே உருகிடும். சரியான பியூஸ் இருந்தா அந்த விநாடியோட சின்னப் பகுதியிலயே அறுந்திருக்கும். செம்பு இழை அறுகாது.

பியூஸ் லைட்டைக் காப்பாத்த வைக்கிறது இல்ல. ஒயரைக் காப்பாத்த வைக்கிறது. இது புரிஞ்சா ரெண்டு முடிவு தானா வரும். ஒண்ணு, பியூஸ் அளவை ஒயரோட தடிமனைப் பார்த்து முடிவு பண்ணணும். ரெண்டு, பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்துல இருக்கணும், ஏன்னா பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவுல இருக்கிற ஒயருக்குப் பாதுகாப்பே கிடையாது. அடிக்கடி பியூஸ் போச்சுன்னா, அது மாமாகிட்ட ஏதோ சொல்லப் பார்த்திருக்கு.

பழசை உருவுறதுக்கு முன்னாடி

மோதிரம், வாட்ச், கைச்சங்கிலி எல்லாம் கழட்டி வைங்க. பேட்டரியில நெகட்டிவை முதல்ல கழட்டணும். ஸ்பேனர் தவறிப் பாடியில பட்டாலும் ரெண்டும் ஒரே எர்த், ஒண்ணும் ஆகாது. பாசிட்டிவை முதல்ல கழட்டும்போது ஸ்பேனர் பாடியில பட்டா, மேல போட்ட கணக்குதான், ஒயருக்குப் பதில் ஸ்பேனர். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. சார்ஜ் ஏறின பேட்டரி மேல ஹைட்ரஜன் இருக்கும். அங்க ஒரு பொறி போதும்.

பழைய ஒயர் ஒண்ணைக் கூட வெட்டுறதுக்கு முன்னாடி படம் போடுங்க. போன்ல போட்டோ எடுத்தா போதும்னு நினைச்சேன். போட்டோவுல எல்லா ஒயரும் ஒரே அழுக்குக் கலர். பேப்பர் டேப்ல நம்பர் எழுதி ஒவ்வொரு முனையிலயும் ஒட்டி, நோட்ல வரைஞ்சோம். ரெண்டு நாள் ஆச்சு. எங்கயும் போகாத ஒயர் மட்டும் மூணு. பழைய டேப் ரெக்கார்டருக்கு ஒருகாலத்துல போட்டதாம்.

புது ஏற்பாடு இது. பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து செல்ஃப் மோட்டாருக்கு மட்டும் நேரா தடிக் கேபிள். மத்த எல்லாத்துக்கும் ஒரு மெயின் பியூஸ், 60 ஆம்பியர், பேட்டரியில இருந்து ஒரு சாண் தூரத்துல. ஹீட்டர் பிளக்குக்குத் தனி வழி, தனி பியூஸ், ரிலே. ஒண்ணுக்குப் பத்து ஆம்பியர்னு வச்சாக் கூட நாலுக்கும் 40, அதை டாஷ்போர்டு வழியா சுத்த விடக் கூடாது. ஹெட்லைட்டுக்கு 2.5 சதுர மி.மீ., இண்டிகேட்டர், டெயில் லேம்ப்புக்கு 1. எர்த்துக்குப் பாடி தகட்டை நம்பாம, ஒவ்வொரு லேம்ப்புக்கும் கருப்பு ஒயர் தனியா இழுத்து, முன்னால ஒரு போல்ட், பின்னால ஒரு போல்ட்ல சேர்த்தோம். முப்பது வருஷப் பாடியில துருதான் அதிகம், இரும்பு கம்மி.

முறுக்கி டேப் சுத்துற ஜாயின்ட் எங்கயும் இல்ல. எங்க ஊர் வெயில்ல டேப்போட பசை ரெண்டு மாசத்துல வழிஞ்சுடும். எல்லாம் லக் வச்சு கிரிம்ப். நான் சால்டர் பண்ணலாம்னு சொன்னேன். அண்ணாச்சி ஒரு பழைய ஒயரை எடுத்துக் காட்டினார். சால்டர் முடியுற எடத்துல சரியா ஒடிஞ்சிருந்தது. ஈயம் ஏறின இடம் விறைப்பா நிக்கும், அதிர்வுல அதோட ஓரத்துல ஒயர் ஒடியும். தகட்டுல ஓட்டை வழியா ஒயர் போற எல்லா எடத்துலயும் ரப்பர் வளையம். பின்னாடி போற ஒயர் இப்ப குழாய்க்குள்ள, சேஸோட உள்பக்கமா.

நெகட்டிவ்ல ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வச்சோம். ராத்திரி வண்டியை நிறுத்தினா அதைத் திருப்பிட்டுத்தான் மாமா இறங்குவார். சீட்டுக்குக் கீழ ஒரு கிலோ தீயணைப்பு சிலிண்டர்.

ஹெட்லைட்டுக்கு ஒரு தனிப் பத்தி கொடுத்தே ஆகணும். பழைய ஏற்பாட்டுல பேட்டரி, சாவி சுவிட்ச், லைட் சுவிட்ச், கால்ல மிதிக்கிற டிப்பர் சுவிட்ச்னு சுத்தி வந்துதான் லேம்ப்புக்குப் போகும். டிம்ல ரெண்டு 55 வாட் லேம்ப்புக்கு 9 ஆம்பியருக்கு மேல. 6 மீட்டர் மெல்லிசு ஒயர்லயே ஒரு வோல்ட் போயிடும். தேஞ்ச சுவிட்ச் காண்டாக்ட்ல இன்னொண்ணு. 12-க்கு 10 வோல்ட் கிடைச்சா வெளிச்சம் ஆறுல அஞ்சு பங்கு இருக்கும்னு தோணும். அப்படி இல்ல. டங்ஸ்டன் இழையோட வெளிச்சம் வோல்டேஜோட மூணரை மடிக்கு ஒட்டி மாறும். கணக்குப் போட்டா ஏறக்குறைய பாதி வெளிச்சம்தான் மிஞ்சுது. மாமா பல்பு கடைக்காரரைத் திட்டிட்டு இருந்தார்.

இதுக்கு ரிலே. பேட்டரியில இருந்து பியூஸ் வழியா 30-ல, லேம்ப்புக்கு 87-ல. பழைய சுவிட்ச் 86-க்கு மட்டும் கரண்ட் கொடுக்கும், 85 எர்த். இப்ப சுவிட்ச் வழியா ஓடுறது 9 ஆம்பியர் இல்ல, ரிலே சுருளுக்கு வேண்டிய 0.2 ஆம்பியர் அளவுதான். இடது லேம்ப்புக்கும் வலது லேம்ப்புக்கும் தனித்தனி 10 ஆம்பியர் பியூஸ். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு எரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுல ராத்திரி ரெண்டும் ஒரே நேரத்துல போன அனுபவம் மாமாவுக்கு ஏற்கனவே உண்டு. இன்ஜின் மட்டும் ஓடிட்டே இருந்ததாம்.

எல்லாம் முடிச்சு, முதல் தடவை பேட்டரியை மாட்டும்போது நேரா மாட்டல. நெகட்டிவ் போஸ்ட்டுக்கும் கேபிளுக்கும் நடுவுல ஒரு 21 வாட் பல்பைச் சேர்த்தோம். எல்லா சுவிட்ச்சும் அணைச்சிருக்கும்போது பல்பு பிரகாசமா எரிஞ்சா எங்கயோ ஷார்ட்னு அர்த்தம், பல்பு எரியுமே தவிர ஒயர் எரியாது. எரிஞ்சது. அரை மணி நேரம் தேடினோம். நான்தான் ஹார்ன் ஒயரை பானெட் கீல்ல நசுக்கி வச்சிருந்தேன். அதைச் சரி பண்ணின பிறகு பல்பு அணைஞ்சது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில 14.1 வோல்ட். 13.8-ல இருந்து 14.4 வரைக்கும் இருக்கலாம்.

கரிசல்ல ஒரு சோதனை

ரெண்டு நாள் மழைக்கு அப்புறம் காட்டுக்குப் போனோம். நனைஞ்ச கரிசல் டயர்ல அப்பிக்கிட்டு, டயரே மண் உருண்டை ஆயிடும். ஃபோர் வீல் போட்டு, லோ-ல, செகண்ட் கியர்ல மெதுவா ஏறுச்சு. வரப்பு தாண்டி தார் ரோடு வந்ததும் மாமா முதல் வேலையா லீவரைத் தள்ளி டூ வீலுக்கு மாத்தினார். காரணம் கேட்டா, "எங்க அப்பா அப்படித்தான் சொன்னாரு"ன்னார். காரணம் இருக்கு. இந்த டிரான்ஸ்ஃபர் கேஸ்ல நடுவுல டிஃபரன்ஷியல் கிடையாது, முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே வேகத்துல பூட்டப்பட்டிருக்கு. வளைவுல முன் சக்கரம் பின் சக்கரத்தை விட அதிக தூரம் போகணும். சேத்துல டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிடும். தார்ல வழுக்க முடியாது, முறுக்கம் முழுக்க ஷாஃப்ட்லயும் ஜாயின்ட்லயும் ஏறும். ஏற்கனவே கரண்ட் தின்ன ஜாயின்ட் வேற.

ஆலை திறந்த பிறகு அதே கேட். அதே வாட்ச்மேன். குனிஞ்சு மோந்து பார்த்தார், பானெட்டைத் திறக்கச் சொன்னார், கட்-ஆஃப் சுவிட்ச்சைத் திருப்பிப் பார்த்தார். "போங்க அண்ணாச்சி"ன்னார்.

வைப்பர் இன்னும் சோம்பலாத்தான் ஆடுது. அது மோட்டார் கோளாறா, அங்கயும் எர்த் கோளாறான்னு அடுத்த லீவுல மீட்டர் வச்சுப் பார்க்கணும். ஸ்டாப் கேபிளைப் புதுசா மாத்தியாச்சு, சுடுறது இல்ல. மாமா இன்னும் துணி வச்சுத்தான் இழுக்கிறார்.